மாதம் ஓர் ஆணி

ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று காலைக் கணக்குப்படி வெர்லின் டாக்கெட் தன் விமானக் குடியிருப்பின் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். அதில் ஐம்பது சென்ட் அபராதம் அல்ல. அபராதம் விழுந்திருக்கிறது என்று சொல்ல வந்த முதல் கடிதத்தின் தபால்தலைக் காசு. சங்க அலுவலகத்துக்கும் வெர்லினின் விமானக் கொட்டகைக்கும் நடுவில் நாற்பது தப்படி தூரம் இருக்கும். ஜன்னலைத் திறந்து கொஞ்சம் உரக்கச் சொன்னாலே காதில் விழும். ஆனால் எல்லா அறிவிப்பும் தபாலில்தான் போகவேண்டும் என்று விதி. ஆகவே கடிதம் தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் தபால் மையம்வரை போய், முத்திரை குத்திக்கொண்டு, நான்காம் நாள் அந்த நாற்பது தப்படியைக் கடந்து வந்து சேர்ந்தது.

லோன் ஃபோர்க் விமானக் குடியிருப்பில் ஐம்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு கார் ஷெட் இருப்பதுபோல வீட்டுக்கு ஒரு விமானக் கொட்டகை. எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஓடுபாதை. காலையில் காபி குடித்துவிட்டு விமானத்தைத் தெருவில் இறக்கி ஓட்டிக்கொண்டு போவார்கள். எதிரே கார் வந்தால் கார்தான் ஒதுங்க வேண்டும். வீடு வாங்க வக்கில்லாதவர்களுக்காக வேலியோரம் ஏழு தனிக் கொட்டகைகள் உண்டு. அதில் கடைசிக் கொட்டகை வெர்லினும் கஸ் ஆஸ்ட்ராண்டரும் சேர்ந்து வாங்கியது. கான்ஸஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்து, ஓய்வுப் பணத்தில் ஆளுக்குப் பாதி போட்டு இந்தக் கொட்டகையையும், ஒரு பழைய மஞ்சள் இரட்டை இருக்கை விமானத்தையும் வாங்கினார்கள். ஓட்டுவது கஸ், பழுது பார்ப்பது வெர்லின். ஒன்பது மைல் தள்ளி ஊருக்குள் வாடகை அறையில் படுத்துவிட்டு, விடிந்ததும் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் மனிதர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பழக்கம் இல்லை. விமானத்தைச் சொல்வார்கள். "நீலக் கோடு போட்டதுக்கு முட்டி ஆபரேஷனாம்", "அந்த ரெட்டை எஞ்சினுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் ஆகலையாம்" என்றுதான் பேச்சு நடக்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. கொட்டகைக் கதவு மேலே ஏறியிருந்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். கூப்பிட வேண்டியதில்லை. ஒரு ஸ்பானர் கடன் கேட்டு வருகிறவர் மூன்று மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு ஸ்பானரை மறந்துவிட்டுப் போவார். மறுநாள் அதைக் கேட்டு வருவார். மஞ்சள் விமானம் நின்ற காலத்தில் அந்தக் கொட்டகையில் உட்கார இடம் கிடைக்காது.

கஸ் ஒரு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அவர் பாதியைப் பையன் விற்கச் சொன்னான். அரை விமானத்தை விற்க முடியாது என்பதால் முழு விமானமும் நெப்ராஸ்காக்காரர் ஒருவருக்குப் போனது. கொட்டகை மட்டும் உயிலின்படி வெர்லினுக்கு வந்தது.

அதன் பிறகும் அவர் தினம் காலை ஏழு மணிக்குக் கதவை ஏற்றினார். காபி போட்டார். தெருவில் போகிறவர்கள் பழக்கத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே விமானம் இருக்காது. அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும், கறைக்குப் பின்னால் ஒரு கிழவரும் இருப்பார்கள். பார்த்தவர் சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொள்வார். விமானக்காரர் வானத்தைப் பார்ப்பதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இப்படிப் பதினோரு வாரத்தில் அந்தக் கதவைத் தாண்டி வந்தது காற்றும், ஒரு நாயும். நாயும் வழி தவறி வந்ததுதான்.

அப்போதுதான் சங்கத்துக்கு வெர்லின் ஞாபகம் வந்தது.

வந்தவர் மார்லிஸ் போஹானன் அம்மாள். கொட்டகைத் தரநிலைக் குழுவின் சோதனை அதிகாரி. சம்பளமில்லாத பதவி, அதனால் கண்டிப்பு அதிகம். கோல்ஃப் வண்டியை வெளியே நிறுத்தி, கழுத்தில் அளவு நாடாவும் கையில் அட்டையோடு கோத்த படிவமுமாக உள்ளே வந்தார். அறுபத்தெட்டு வயது. தலைமுடி ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை.

"மிஸ்டர் டாக்கெட், விதி பதினாலு. ஒவ்வொரு கொட்டகையிலயும் ஒரு விமானம் இருக்கணும். உங்க விமானம் எங்க?"

"நெப்ராஸ்கால இருக்கு மேடம்."

"எப்ப திரும்பும்?"

"வித்துட்டேன்."

அம்மாள் அதை எழுதிக்கொண்டார். பிறகு விமானம் இல்லாத இடத்தை நீளம், அகலம், உயரம் என்று மூன்று விதமாக அளந்தார். வெர்லின் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் ஆனது. காபி வேண்டுமா என்று கேட்டார்.

"சோதனை நேரத்துல அதிகாரிங்க எதுவும் சாப்பிடக் கூடாது. அப்புறம், இந்தக் காபி மெஷின் விமானம் சம்பந்தப்பட்ட சாமானா?"

"விமானம் ஓட்டுறவங்க குடிப்பாங்க."

"இங்க ஓட்டுறவங்க யாரும் இல்லையே" என்று சொல்லி அதையும் எழுதினார். எழுபத்தைந்து டாலர். கதவு அரை மணிக்கு மேல் திறந்திருந்ததற்கு இன்னொரு நாற்பது. விதி இருபத்திரண்டின்படி, விமானம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் மட்டும்தான் கதவு திறந்திருக்கலாம்.

வண்டி போன பிறகு வெர்லின் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாள் மறுபடி வருவாரா என்ற யோசனைதான் வந்தது. அடுத்த செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கதவை ஏற்றி, காபி மெஷினை வாசலுக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

சங்கம் ஒரு விதிப்புத்தகத்தை அனுப்பியிருந்தது. தொண்ணூற்று நாலு பக்கம். வெர்லின் எழுத்துக் கற்றுக்கொண்டது முப்பத்தாறாவது வயதில், தொழிற்சாலையின் மாலை வகுப்பில். அதுவரை வரைபடங்களைப் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வேலை செய்தவர். படித்த மனிதர்கள் இப்படிப்பட்ட புத்தகத்தைத் தாவித் தாவிப் படிப்பார்கள். அவருக்குத் தாவத் தெரியாது. வரிக்குக் கீழே விரலை வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஐந்து வாரம் படித்து முடித்தார். லோன் ஃபோர்க்கில் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான். எழுதிய குழுவையும் சேர்த்தே சொல்கிறேன்.

படிக்கப் படிக்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. விதி ஒன்பதின்படி தெருவில் போகும் விமானத்துக்குக் குடியிருப்போர் கையசைக்க வேண்டும். விமானம் இல்லாதவருக்குக் கையசைப்பது அவரவர் விருப்பம். விதி முப்பத்தொன்றின்படி கொட்டகையில் நாற்காலி போடக் கூடாது, வானிலைக்காகக் காத்திருக்கும் நாற்காலியைத் தவிர. விதியை மீறினால் ஒரு சோதனை. மீறல் எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக் குழுவும் வந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை விரலால் இரண்டு தடவை தடவிப் படித்தார். ஊருக்குள் போய் ஒரு சோபா வாங்கி வந்தார்.

"இது என்ன?" என்றார் மார்லிஸ் அம்மாள்.

"வானிலைக்காகக் காத்திருக்கிற நாற்காலி மேடம்."

"வெளிய பளிச்சுனு இருக்கு. எதுக்குக் காத்திருக்கீங்க?"

"மோசமாகட்டும்னு."

அம்மாள் படிவத்தை மூன்று முறை புரட்டினார். நீளமான நாற்காலியா, முதுகு வைத்த கட்டிலா என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. முழுக் குழு வந்தது. குழுவுக்குத் தலைமை சங்கத் தலைவர் ராய்ஸ் கெசிங்கர். நீச்சல் குளத்துக்கு மருந்துப் பொடி விற்றுப் பணம் பண்ணியவர். ஆகஸ்ட் வெயிலிலும் தோல் ஜாக்கெட் போட்டிருப்பார். அவருடைய விமானம் ஆறு வருஷமாகத் தரையை விட்டு எழும்பவில்லை என்றாலும், அதைத் துடைப்பதற்கு ஆள் வைத்திருந்தார்.

ராய்ஸும் இன்னும் இரண்டு பேரும் வரிசையாக சோபாவில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பது ராய்ஸின் வாதம். அதில் தூங்க முடிந்தால் கட்டில், முடியாவிட்டால் நாற்காலி. குழுவில் இருந்த ஒருவர் சோதனையை மனசாட்சியோடு செய்ய ஆரம்பித்து ஒரு மணி நேரம் குறட்டை விட்டார். அந்த ஒரு மணி நேரமும் ராய்ஸ் தன்னுடைய முதல் தனிப் பறப்பைப் பற்றிச் சொன்னார். வெர்லின் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கஸ் போன பிறகு அதுதான் அந்தக் கொட்டகையில் நடந்த பெரிய கூட்டம். நூற்றுப் பத்து டாலர் அபராதத்துக்கு அது மலிவு என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் அது ஒருமுறைதான். சோபா கட்டில் என்று முடிவாகிவிட்டது, வெளியே போட வேண்டியதாயிற்று. தெரிந்த மீறலுக்கு மறுபடி குழு வராது, தபால்தான் வரும். கதவுக்கும் காபி மெஷினுக்கும்கூட அம்மாள் வருவதை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்தே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஆரம்பித்தார். வாரத்துக்கு வாரம் தொகை ஏறியது, ஆள் வரவில்லை. விமானம் இல்லாத கொட்டகைக்கு ஒரு வருஷம் கெடு, அதற்கு மேல் போனால் சங்கமே கொட்டகையை எடுத்து விற்றுவிடும் என்றும் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கொட்டகையை விட்டால் வெர்லினுக்கு ஊருக்குள் அறையும், அறையில் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவரும்தான்.

புத்தகத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்தார். எழுபத்தோராம் பக்கத்தில் அது கிடைத்தது. விதி பதினாலின் உட்பிரிவு: கட்டுமானத்தில் உள்ள விமானமும் விமானமே; முழுதாகவோ பகுதியாகவோ இருக்கலாம்; ஆனால் மாதம் ஒருமுறை, சோதனை அதிகாரியின் நேர்முன்னிலையில், முன்னேற்றம் காட்டப்பட வேண்டும்.

எவ்வளவு முன்னேற்றம் என்று எங்கும் சொல்லவில்லை. நேர்முன்னிலை என்று மட்டும் சொல்லியிருந்தது.

ஜனவரியில் ஒரு பழைய சாமான் கிடங்கிலிருந்து, தகடு பிரிந்துபோன ஓர் இறக்கையை இருநூறு டாலருக்கு வாங்கி வந்து, மரச்சட்டத்தில் சுவர்போல நிமிர்த்தி நிறுத்தினார். பழைய தகட்டைக் கழற்றி, புதுசு வெட்டி, துளை போட்டார். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு துளைகள். பிப்ரவரியில் மார்லிஸ் அம்மாள் வந்தார்.

"இறக்கை இருக்கு. விமானம் எங்க?"

"வந்துட்டிருக்கு."

"இடது பக்கத்து இறக்கை மட்டும் இருக்கே."

"இடதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு புத்தகத்துல தடை இல்ல மேடம்."

அம்மாள் தேடிப் பார்த்தார். இல்லை. "சரி, முன்னேற்றத்தக் காட்டுங்க."

இங்கே தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிவெட் ஆணி அடிப்பது ஓர் ஆள் வேலை அல்ல. தகட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் காற்றுச் சுத்தியால் ஆணியின் தலையில் அடிப்பார். அந்தப் பக்கம் இன்னொருவர் வாலுக்கு எதிரே கனத்த இரும்புக் கட்டையைப் பிடிப்பார். அப்போதுதான் வால் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அந்தப் பக்கத்து ஆள் கட்டையால் தகட்டைத் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் சரி, மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, பிடுங்கு. முப்பத்தோரு வருஷம் வெர்லினும் கஸும் பேசிக்கொண்டதில் பெரும்பங்கு இந்த மூன்று சொற்கள்தான். நாளைக்கு நானூறு ஆணி சாதாரணமாக அடிப்பார்கள்.

வெர்லின் காற்றுச் சுத்தியை எடுத்துக்கொண்டு, இரும்புக் கட்டையை அம்மாளிடம் நீட்டினார்.

"நான் வேலை செய்யக் கூடாது மிஸ்டர் டாக்கெட். விதி நாப்பது. அதிகாரி உரிமையாளரோட வேலையச் செய்யக் கூடாது."

"வேலை இல்ல மேடம். ஆணி உள்பக்கம் ஒழுங்கா உக்காருதான்னு நீங்க நேர்ல பாக்கணுமே. கட்டைய வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

மார்லிஸ் அம்மாள் கட்டையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். 'உட்புறச் சோதனை' என்று ஒரு கட்டம் இருந்தது. இத்தனை வருஷமும் அதில் கோடு போட்டுத்தான் விட்டிருந்தார். அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை தட்டுக்கு என்ன அர்த்தம் என்று வெர்லினிடம் கேட்டுக்கொண்டு, இறக்கையின் அந்தப் பக்கம் போனார்.

காற்றுச் சுத்தி தடதடவென்றது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தகட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது.

வெர்லின் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "இந்த மாசத்துக்கு இவ்வளவுதான் மேடம்."

"ஒரு ஆணியா?"

"வயசாயிடுச்சு."

அம்மாள் படிவத்தில் 'முன்னேற்றம்: ஒன்று' என்று எழுதினார். அவர் போன பிறகு வெர்லின் கணக்குப் போட்டார். மாதம் ஓர் ஆணி என்றால் இறக்கை முடிய ஐம்பத்தோரு வருஷம். அது தனக்குப் போதும் என்று பட்டது.

மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று. செவ்வாய்க்கிழமைக் காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். மே மாதம் போகும்போது அம்மாள் வாசலில் நின்று, "அந்தக் காபி ஆறிப்போச்சா?" என்று கேட்டார்.

"சோதனை நேரத்துல சாப்பிடக் கூடாதே."

"படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். சோதனை முடிஞ்சுது. இப்ப நான் வழில போறவ."

நின்றுகொண்டே குடித்தார். காபி கேவலமாக இருக்கிறது என்றார். அது உண்மைதான். தன் வீட்டில் ஒரு விமானம் உண்டு, கணவர் வாங்கியது, அவர் வேறொருத்தியோடு போனபோது விமானத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார். தான் அதில் ஏறியதே இல்லை.

"அப்ப எதுக்கு வச்சிருக்கீங்க?"

"விதி பதினாலு" என்றார் அம்மாள். "நானே மீறலாமா?"

ஜூனில் அம்மாளே, "வந்தது வந்தாச்சு, ரெண்டா அடிக்கலாம்" என்றார். ஜூலையில் இரண்டு. ஆகஸ்டில் இரண்டாவது ஆணிக்கு மூன்று தட்டு வந்தது. கெட்டுவிட்டது, பிடுங்கு. வெர்லின் ஆணியின் தலையைத் துளைத்து, அதைப் பிடுங்கி, புதுசு வைத்து அடித்தார். இருபத்தைந்து நிமிஷம் கூடுதலாயிற்று. இரண்டு தட்டு வந்தது. அம்மாள் போன பிறகு கீழே விழுந்து கிடந்த பழைய ஆணியின் வாலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உருண்டையாக, சமமாக, பாடப்புத்தகத்தில் படம் போடுகிற மாதிரி இருந்தது. கெடவே இல்லை. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

செப்டம்பரில் பதினோராவது ஆணி. அந்த மாத அறிக்கையில் அம்மாள் 'உட்புறச் சோதனை: இரண்டு தட்டு' என்று எழுதியிருந்ததை ராய்ஸ் கெசிங்கர் தற்செயலாகப் படித்துவிட்டார். தட்டு என்றால் என்ன என்று கேட்டார். அம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விதிகள் அவரை அப்படி வளர்த்திருந்தன.

அக்டோபரில் பொதுக்கூட்டம். கிளப் வீட்டில் பான்கேக்கும் ஆரஞ்சுச் சாறும் முடிந்த பிறகு ராய்ஸ் எழுந்து ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டார்.

"நண்பர்களே, நாம இங்க எதுக்காக வந்தோம்? சுதந்திரத்துக்காக. வானத்துல வேலி கிடையாது. அந்தச் சுதந்திரத்தை யாராவது காவல் காக்கணும். காவல் காக்கிறவனுக்கு விதி வேணும். நான் இங்க குடிவந்தப்ப விதிப்புத்தகம் பதினோரு பக்கம். இன்னைக்கு தொண்ணூத்தி நாலு. நாம முன்னேறலன்னு யாரும் சொல்ல முடியாது."

கைதட்டினார்கள்.

"போன வருஷம் நம்ம ஓடுபாதையில மொத்தம் முந்நூத்திப் பத்து தடவை விமானம் ஏறி இறங்கியிருக்கு. நம்ம குழு அதே வருஷத்துல ஆயிரத்தி நானூறு சோதனை செஞ்சிருக்கு. பறக்கிறதைவிட நாலு மடங்குக்கு மேல பாதுகாப்பு. இது எந்த விமான நிலையத்துக்கும் இல்லாத பெருமை. பறக்கிறத இன்னும் கொறைச்சா பாதுகாப்பு இன்னும் கூடும்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப ஒரு சின்ன விஷயம். கடைசிக் கொட்டகை. வெர்லின் டாக்கெட்."

"யாரது?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"பழைய மஞ்சள்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஓ, மஞ்சளா. நல்ல மனுஷன். செத்துட்டாருன்னு நெனச்சேன்."

"செத்தது இன்னொரு பாதி."

வெர்லின் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ராய்ஸ் தொடர்ந்தார். அந்தக் கொட்டகையிலிருந்து வரவேண்டியது மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அதை வசூலிக்க இதுவரை வக்கீலுக்கும் கோல்ஃப் வண்டி பாட்டரிக்கும் தபாலுக்குமாக ஆன செலவு ஒன்பதாயிரத்து நூறு. வழக்குப் போட்டால், சோதனை அதிகாரியே இறக்கைக்குள் கை விட்டு நின்றது வெளியே வரும். சங்கத்துக்கு அவமானம். ஆகவே குழு கூடி, மூன்று அமர்வுகள் விவாதித்து, ஒரு கருணையான முடிவுக்கு வந்திருக்கிறது.

"கடன் முழுக்கத் தள்ளுபடி. அது மட்டுமில்ல. அந்தக் கொட்டகைக்கு நாம பாரம்பரியக் கொட்டகைன்னு பட்டம் குடுக்கறோம். இனிமே எந்த விதியும் அதுக்குக் கிடையாது. விமானம் இருக்கலாம், இல்லாம இருக்கலாம். கதவு ராத்திரி பகலாத் திறந்து கிடக்கலாம். சோபா போட்டுக்கலாம். சோதனை, கடிதம், தொந்தரவு எதுவும் கிடையாது. அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டோம்."

பெரிய கைதட்டல். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். விதிக்கு உட்படாத இடத்துக்குச் சங்கத்தின் காப்பீடு செல்லாது என்பதால் உறுப்பினர்கள் அதற்குள் நுழையாமல் இருப்பது நல்லது என்று பொருளாளர் ஒரு குறிப்பும் படித்தார். அதைக் கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை. வெர்லின் கவனித்தார்.

அவர் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"மிஸ்டர் கெசிங்கர், நான் கட்டிடறேன்."

"எதை?"

"கடனத்தான். மொத்தமா முடியாது. மாசம் அஞ்சு டாலர். அலுவலகத்துக்கு நேர்ல கொண்டுவந்து கட்டறேன். இல்ல, யாராவது வந்து வாங்கிக்கிட்டாலும் சரி."

"அதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல ஆகுமே" என்றார் பொருளாளர், மனக்கணக்குப் போட்டு.

"பரவால்ல."

ராய்ஸ் சிரித்தார். தகப்பன் சிரிக்கிற மாதிரி இருந்தது. "வெர்லின், எங்களை என்ன இரக்கமில்லாதவங்கன்னா நெனச்சீங்க? உக்காருங்க."

"இறக்கைல இன்னும் அறுநூத்தி ஒரு ஆணி பாக்கி இருக்கு."

"நிதானமா அடிங்க. யாரும் உங்களக் கேக்கப் போறதில்ல."

"ஒரு ஆளா அடிக்க முடியாது" என்றார் வெர்லின். ஆனால் அதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிட்டது. தபால்பெட்டிகளின் நிறத்தைப் பற்றியது. அதில் எல்லாருக்கும் கருத்து இருந்தது.

தள்ளுபடிக் கடிதத்தைத் தபாலில் அனுப்ப முடியவில்லை. உரிமையாளரின் கையெழுத்து நேரில் வாங்கப்பட வேண்டும். செவ்வாய்க்கிழமை மார்லிஸ் அம்மாள் வந்தார். அளவு நாடா இல்லை. கடிதத்தைச் சாமான் மேசைமேல் வைத்துப் பேனாவைப் பக்கத்தில் வைத்தார். வடக்கிலிருந்து காற்று அடித்துக் கடிதத்தின் முனை படபடத்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

வெர்லின் வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். பாக்கி: பூஜ்யம் டாலர் பூஜ்யம் சென்ட். ஐம்பது சென்ட்கூட விடவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போடலன்னா?"

"அப்ப தள்ளுபடிய மறுத்த மாதிரி. கடன் நிக்கும். ஆனா சோதனை வராது. அத நேத்தே நிறுத்திட்டாங்க. கடன் வசூலுக்கு வேற ஒரு கம்பெனி, ஃபோன்லயே பேசுவாங்க. கொட்டகையும் போயிரும்."

"நீங்க?"

"என்னைத் தபால்பெட்டிக் குழுவுக்கு மாத்திட்டாங்க."

இருவரும் இறக்கையைப் பார்த்தார்கள். பதினோரு ஆணிகள் ஒரே வரிசையில் மினுங்கின. மற்றத் துளைகள் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

"நீங்க வரலாமே" என்றார் வெர்லின். "சும்மா."

மார்லிஸ் அம்மாள் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையைத் திருப்பி, எஞ்சியிருந்த ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, வருகையின் நோக்கம் என்ற இடத்தை மேலிருந்து கீழே வரை படித்தார். சோதனை. மறுசோதனை. புகார். வசூல். அறிவிப்பு ஒப்படைத்தல். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"சும்மான்னு ஒரு கட்டம் இல்ல, மிஸ்டர் டாக்கெட்."

"சரி மேடம்."

"இருந்திருந்தா வந்திருப்பேன்."

"தெரியும்."

வெர்லின் பேனாவை எடுத்தார். அவர் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல, எழுதுகிறவர். மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை முழுக்க எழுதுவார். எப்போதும் மற்றவர்களைவிட அதற்கு நேரமாகும். அன்று அதைவிட மெதுவாக எழுதினார். அம்மாள் அவசரப்படுத்தவில்லை. கடிதம் பறக்காமல் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை வெர்லினின் இடது கை பிடித்திருந்தது. கடைசி எழுத்தின் கோட்டை இழுத்து முடித்தபோது கடன் தீர்ந்தது.